பல இடத்தில் தெரிதலும் பல இடத்தில் இருத்தலும்

ஒரு படம் நூறு பக்கங்களில் தெரிகிறது என்றால் அது நூறு இடங்களில் இருக்கிறது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அச்சு நூலைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. ஆயிரம் படிகளாக அச்சிடப்பெற்ற நூலில் உள்ள படம் ஆயிரம் கைகளுக்குச் சென்று சேரும். ஒரு வீட்டில் கறையான் புகுந்தாலும் மற்றொரு வீட்டில் அது பிழைத்திருக்கும். இணையத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பல வேளைகளில் பிழையாகிவிடுகிறது. அங்கே நூறு பக்கங்களில் தெரியும் படம் ஒரே கிடங்கில் இருந்துகொண்டு நூறு சாளரங்களின் வழியே காட்சி தரக்கூடும். கிடங்கின் கதவு அடைபடும் நாளில் நூறு சாளரங்களும் ஒருசேர இருண்டுவிடும்.

இவ்வாறு இருண்டுபோனமை கடந்த கால் நூற்றாண்டில் ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்திருக்கிறது. படங்களை வைத்துக்கொள்ள இடம் தருகிறோம் என்று அழைத்த நிறுவனங்கள் சில மூடப்பட்டன. சில, வாயிலில் சுங்கம் கேட்டன. சில, பழையன கழித்தல் என்ற பெயரில் தங்களிடம் இருந்தவற்றை அழித்தன. இவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நம்மைப் போன்ற இலக்கிய அமைப்புகள் கொள்ள வேண்டிய பாடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவிதான் புதிது, சிக்கல் பழையது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அதன் பழைய வடிவங்கள் கல்லிலும் ஏட்டிலும் கண்முன்னே கிடக்கின்றன. ஆதலின் தில்லையிலிருந்து தொடங்குவோம்.

கோபுரத்துக் கரணங்கள்

பரதரின் நாட்டிய சாத்திரம் நூற்றெட்டுக் கரணங்களை எடுத்துரைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் அவற்றுள் 81 கரணங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. எஞ்சியவற்றுக்கு உரிய இடம் செதுக்கப்பெறாமலே நின்றுவிட்டது. தில்லையிலோ கோபுர வாயில்களின் உட்புறச் சுவர்களில் கரணச் சிற்பங்கள் நிரல்பட அமைந்துள்ளன. கிழக்குக் கோபுரத்தில் சிற்பத்தோடு அதற்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகமும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. இன்ன கரணம் இது, இதன் இலக்கணம் இது என்று படமும் பெயரும் விளக்கமும் பிரியாமல் ஒரே கல்லில் நிற்கின்றன. படத்தோடு அதன் பெயரையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதைச் சிற்பியர் அறிந்திருந்தனர்.

அக்கல் ஊர்விட்டு நகராது; அதன் உருவம் நகர்ந்தது. சென்னைக் கல்வெட்டுத் துறையின் 1914ஆம் ஆண்டறிக்கையில் தில்லைக் கிழக்குக் கோபுரத்துக் கரணங்களின் உருவங்கள் வெளியாயின. 1926இல் பரோடாவின் கெய்க்வாட் கீழ்த்திசை நூல்வரிசையில் இராமகிருஷ்ண கவி பதிப்பித்த நாட்டிய சாத்திர முதல் தொகுதியிலும் அவை இடம்பெற்றன. 1936இல் பி.வி. நாராயணசாமி நாயுடுவும் பிறரும் இணைந்து எழுதிய ‘தாண்டவ லட்சணம்’ தில்லைக் கரணங்களின் புகைப்படங்களுடன் வெளிவந்தது. ஆசிரியர்களுள் முதல்வர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக விளங்கியவர் என்பது நம் வட்டாரத்துக்குரிய செய்தி.

இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கோபுரத்துச் சிற்பங்கள் மூன்று வெவ்வேறு வெளியீடுகளில் குடியேறிவிட்டன. சிதம்பரத்தைக் கண்ணால் காணாத ஆய்வாளரும் நடனக் கலைஞரும் அவற்றைத் தம் மேசைமீது விரித்துப் பயின்றனர். பிற்காலத்தில் பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1980களில் மராட்டிய மாநிலம் சதாராவில் எழுந்த நடராசர் கோயிலில் அவர் வடிவமைத்த கரணச் சிற்பங்கள் மீண்டும் கல்லாயின. கல்லிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து மறுபடியும் கல்லுக்கும் சென்ற பயணம் இது. இப்பயணத்தின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு புதிய படி உண்டானது. முந்தைய படிக்கு ஏதம் நேர்ந்தாலும் பிந்தையது தானே நிற்க வல்லது. பல இடத்தில் இருத்தல் என்று நான் குறிப்பது இதனையே.

பூட்டிய அறை

இதற்கு மறுதலையான வரலாறும் தில்லையிலேயே உண்டு. திருமுறை கண்ட புராணம் உரைக்கும் அவ்வரலாற்றை நம் வட்டத்தார் நன்கறிவர். மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் தில்லைத் திருக்கோயிலில் ஓர் அறையில் மூவர் கையடையாளத்துடன் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னன் கேட்டபோது, மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபோது பெரும்பகுதி அரிக்கப்பட்டிருந்தது. எஞ்சியவற்றைத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். இன்று நாம் ஓதும் தேவாரம் ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள்.

இதனை வரலாறு என்று கொள்வாரும் உளர். பிற்காலத்தார் புனைந்த மரபு என்பாரும் உளர். எவ்வாறாயினும் இம்மரபு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. அவ்வறையில் ஏடுகளை வைத்தவர்கள் அவற்றை அழிக்க நினைத்தவர்கள் அல்லர், காக்க நினைத்தவர்கள். காவல் மிகுந்த ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்ததே கேடாயிற்று. பூட்டு, மனிதரைத் தடுத்தது; கறையானைத் தடுக்கவில்லை.

இவ்வரலாற்றின் பிற்பகுதி இன்னும் நோக்கத்தக்கது. பதிகங்களின் சொல் ஏட்டில் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண், திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்தவர், பண்ணமைதியை எடுத்துரைத்தார் என்பது மரபு. விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரப்பட்டினமே அவ்வூர். பூட்டிய அறைக்கு வெளியே, ஒரு குடும்பத்தின் குரலில், இசையின் வேறொரு படி உயிரோடு இருந்தது. அப்பெண்மணியை நாம் இன்று மரபாலும் ஊராலும் அறிகிறோம்; பெயரால் அறிவதில்லை.

இத்தோடும் நில்லாமல் 1917இல் மற்றொன்று நிகழ்ந்தது. ஏடுகள் எவற்றிலும் காணப்பெறாத திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்று திருவிடைவாய்க் கோயிலில் கல்வெட்டாகக் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டறையில் இல்லாத பாட்டு ஓர் ஊர்க் கோயிற் சுவரில் பிழைத்திருந்தது. யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், தம் ஊர்ப் பாட்டைத் தம் ஊர்க் கல்லிலும் வெட்டி வைத்த செயலின் பயன் இது. இலக்கியம் பிழைப்பது இத்தகைய படிகளால்தான். ஏடு பெயர்த்து எழுதிய எண்ணற்ற கைகள் இல்லையேல் சங்க நூல்களை அச்சேற்றிய பெருமக்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏடே கிடைத்திராது.

நெகட்டிவ் இருந்த கடை

சொல்லுக்குரிய இவ்விதி ஒளிப்படத்துக்கும் பொருந்தும். தமிழகத்துப் பெருங்கோயில்களை முறையாகப் படமெடுத்த தொடக்கக் காலத்தவருள் லின்னேயஸ் டிரைப் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1857-58இல் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களுக்குச் சென்று அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீண்ட படமாக அவர் அமைத்தது இன்றும் வியப்பளிப்பது. அப்படங்களின் படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்றடைந்தன. ஆகவே அவை வாழ்கின்றன.

பொதுமக்கள் படமோ புகைப்பட நிலையங்களில் பிறந்தது. சிற்றூர்களிலும் பெருகிய அந்நிலையங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நெகட்டிவ் கடைக்காரரிடம் இருக்கும். அட்டையில் ஒட்டிய படம் வாடிக்கையாளரிடம் இருக்கும். படம் மங்கினால், கிழிந்தால், உடன்பிறந்தார் ஒருவருக்கு இன்னொன்று வேண்டுமானால் கடைக்குச் சென்று எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள். கடையே குடும்பங்களின் படக்கிடங்காக விளங்கியது. கடை மூடப்படும்போது அக்கிடங்கும் மூடப்பட்டது. கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ் சுருள்களும் பழைய பொருள்களோடு பழைய பொருள்களாகப் போயின. ஆனால் வாடிக்கையாளர் வீட்டு அட்டைப்படம் அதனால் மறைந்துவிடவில்லை. கிடங்கு போனாலும் படி நின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இணையத்தில் நாம் இழந்தது இதனைத்தான்.

நம் மாவட்டத்தில் எல்லாரும் அறிந்த ஒரு திருவுருவம் வடலூர் வள்ளலாருடையது. அவரைப் பலமுறை படமெடுத்தும் ஆடை மட்டுமே பதிந்தது, உடல் பதியவில்லை என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. ஒளிப்பட மூலம் இல்லாத அவ்வெண்ணிற ஆடைத் தோற்றம் வரைந்தும் அச்சிட்டும் வீடுதோறும் வாழ்கிறது. மூலமே இல்லாத படம் படிகளாலேயே நிலைபெற முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் முகத்தையும் தமிழ் வாசகர் திரும்பத் திரும்ப அச்சான மிகச் சில படங்களின் வழியாகவே அறிவர். அவற்றை எடுத்த கை யாருடையது என்று பெரும்பாலான வெளியீடுகள் சொல்வதில்லை.

இணையத்தில் படம்

இனி இணையத்துக்கு வருவோம். 1993இல் மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்து ‘மொசைக்’ உலாவியில் நடைமுறைக்கு வந்த ஒரு சிறு கட்டளையே வலைப்பக்கத்தில் எழுத்தின் நடுவே படம் தெரிவதற்கு வழி செய்தது. அக்கட்டளையின் இயல்பை அறிந்தால் பின்னர் நேர்ந்தவை எல்லாம் விளங்கும். வலைப்பக்கத்துக்குள் படம் இல்லை. படத்தின் முகவரி மட்டுமே உள்ளது. நாம் பக்கத்தைத் திறக்கும்போது உலாவி அம்முகவரிக்கு ஆளனுப்பிப் படத்தை வாங்கி வந்து எழுத்தின் நடுவே வைக்கிறது. அம்முகவரி அதே தளத்தில் இருக்கலாம். கடல் கடந்த வேறொரு நிறுவனத்தின் கிடங்காகவும் இருக்கலாம். வாசகர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையமேற்றும் முயற்சியில் முன்னோடியாக நின்றார். எழுத்துருக்கள் பொதுமைப்படாத அந்நாளில் தமிழ் வரிகளையே படமாக்கிப் பக்கத்தில் ஒட்டியவர்களும் உண்டு. கவிதையே படமாக இருந்தது. படம் மறைந்தால் கவிதையும் மறையும். கவிஞர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும்.

அக்காலத்துத் தளங்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. எழுத்துக்குப் போதும், படத்துக்குப் போதாது. பிறர் தளத்துப் படத்தின் முகவரியைத் தம் பக்கத்தில் கேளாமல் எழுதிக்கொள்வது எளிது. ஆனால் ஒவ்வொரு முறை படம் தெரியும்போதும் செலவு அப்பிறருக்கு ஏறும். அதனால் பலர் அதனைத் தடுத்தனர். இவ்விடைவெளியில்தான் படத்துக்கு இடந்தரும் தளங்கள் தோன்றின. போட்டோபக்கெட், இமேஜ்ஷாக் ஆகியவை 2003இலும், ஃபிளிக்கர் 2004இலும், இம்கர் 2009இலும் எழுந்தன. படத்தை ஏற்றினால் ஒரு வரி முகவரி கிடைக்கும்; அதனை எடுத்து எத்தனை பக்கங்களில் வேண்டுமானாலும் ஒட்டலாம். கட்டணம் இல்லை, அல்லது சிறிது. கோயிற் படம், ஊர்த் திருவிழா, நூல் வெளியீட்டு விழா, எழுத்தாளர் முகம் என உலகெங்கும் பரவிய தமிழரின் படங்களும் இத்தகைய கிடங்குகளுக்குச் சென்றன. ஃபிளிக்கர் 2004ஆம் ஆண்டிலேயே ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்களை ஏற்று, பிறர் எடுத்தாள இசைவு உண்டா என்பதைப் படத்தோடு சேர்த்தே அறிவிக்க வகை செய்தமை பாராட்டத்தக்கது.

அடைபட்ட கதவுகள்

இலவசம் என்பதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். விளம்பர வருவாயும் முதலீட்டாளர் பணமும் கிடங்கின் செலவைத் தாங்கின. அவை குறைந்தபோதும் நிறுவனம் கைமாறியபோதும் கதவு அடைபட்டது.

முதலில் பெரிதாக உணரப்பட்டது ஜியோசிட்டீஸ் முடிவு. 1990களில் எளியோர் பலருக்கு இணையத்தில் முதல் வீடு தந்த அத்தளம் 1999இல் யாகூவின் கைக்குச் சென்று 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாக இயன்றதைப் படியெடுத்துக் காத்தனர். எஞ்சியது போயிற்று.

அடுத்தது போட்டோபக்கெட். 2017 கோடையில் அந்நிறுவனம் தன் விதிகளை மாற்றியது. தன்னிடமுள்ள படத்தைப் பிற தளங்களில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399 டாலர் செலுத்த வேண்டும் என்றது. செலுத்தாதவர்களின் படங்கள் எங்கெல்லாம் ஒட்டப்பட்டிருந்தனவோ அங்கெல்லாம், படத்துக்குப் பதிலாக, கணக்கை உயர்த்துக என்னும் அறிவிப்புப் பலகை தோன்றியது. பல்லாண்டு உழைப்பில் பலர் எழுதிய செய்முறை விளக்கங்களும் வரலாற்றுக் குறிப்புகளும் படமிழந்து, ‘கீழே காண்க’ என்ற சொல் மட்டும் நிற்க, பொருளற்றுப் போயின. மறு ஆண்டில் அந்நிறுவனம் கட்டணத்தைத் தளர்த்தியது. அதற்குள் பலர் நம்பிக்கை இழந்து வெளியேறியிருந்தனர்.

நிலப்படத்தில் ஊரைச் சுட்டினால் அவ்வூரின் படங்களைக் காட்டிய பனோரமியோ 2016 நவம்பரில் மூடப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் பிக்காசாவும் அவ்வாண்டே ஓய்வு பெற்றது. ஃபிளிக்கர் 2018இல் கைமாறிய பின் இலவசக் கணக்குக்கு 1000 படங்கள் என எல்லை வகுத்தது. டைனிபிக் 2019இல் மறைந்தது. கூகுள் போட்டோஸ் எல்லையற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இம்கர் 2023இல், கணக்கேதும் இன்றி ஏற்றப்பட்டு நெடுநாள் எவரும் காணாத படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது.

இந்நிறுவனங்களைப் பழிப்பது என் கருத்தன்று. அவை வணிக அமைப்புகள்; தம் விதிப்படி நடந்தன. பல அமைப்புகள் முன்னறிவிப்பும் தந்தன. குறை, தெரிவதை இருப்பதாகக் கொண்ட நம் எண்ணத்தில் உள்ளது. தில்லை அறையின் ஏடுகளுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் ஒற்றுமை வெளிப்படை. அங்கே கறையான், இங்கே கணக்கேடு.

வேறு வழிகள்

இதற்கு மாற்றான முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2004 செப்டம்பரில் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம் அவற்றுள் தலையாயது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் பிறமொழி விக்கிப்பீடியாக்களும் அப்பொதுவகத்துப் படங்களையே எடுத்துக் காட்டுகின்றன. சிதம்பரம் கோயிலின் படத்தை யார் ஏற்றினாலும் எல்லா மொழிக் கட்டுரைகளும் பயன்படுத்தலாம். 2011-12இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஊடகப் போட்டி ஒன்று நடத்தித் தமிழர் வாழ்வு சார்ந்த படங்களைத் திரட்டினர். 2023இல் பொதுவகத்தின் கோப்புகள் பத்துக் கோடியைத் தாண்டின.

இதுவும் ஒரு கிடங்கும் பல சாளரமும் தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மூன்று வேறுபாடுகள் உண்டு. இங்கே சுங்கம் இல்லை. எடுத்தவர் பெயர், நாள், உரிமம் ஆகியவை படத்தோடு பிணைந்து நிற்கின்றன. கோபுரத்துக் கரணத்தோடு சுலோகம் நிற்பது போல. மூன்றாவதே முதன்மையானது: எவரும் சட்டப்படி படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். முகவரியை மட்டும் ஒட்டிக்கொள்ளாமல் படியை எடுத்துச் செல்லுங்கள் என்பதே அதன் அறிவுரையும் ஆகும்.

நூலகத் துறையினர் இக்கொள்கைக்குப் பெயரே வைத்துள்ளனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ என்னும் திட்டத்தின் பெயர் விரிவு, படிகள் பலவானால் பொருள் காப்பாகும் என்னும் பொருளுடையது. பல நூலகங்கள் ஒரே மின்னிதழின் படியைத் தத்தம் இடத்தில் வைத்து, அவ்வப்போது ஒன்றையொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். ஏடுகளை ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்களின் முறையை இயந்திரத்துக்குக் கற்பித்தாற் போன்றது அது. இணைய ஆவணக் காப்பகம் போன்ற பேரமைப்பே 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் இயங்காமல் நின்றதை நோக்க, எத்துணைப் பெரிய காப்பகமும் ஒன்றே போதும் என்று இருத்தல் இயலாது என்பது தெளிவு.

நமக்கு அண்மையில், 1955இல் தொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னகக் கோயில்களின் படங்களை ஒரு லட்சத்துக்கு மேல் தொகுத்து வைத்துள்ளது. தமிழகப் புகைப்பட நிலையங்களின் பழைய படங்களை மின்வடிவாக்கும் பணியையும் அது பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு மேற்கொண்டது. கடை மூடினால் நெகட்டிவ் போகும் என்று மேலே சொன்ன குறைக்கு அது ஒரு மருந்து. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவ்வடுவைச் சுமந்த ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு படங்களையும் மின்வடிவில் காத்து வருகிறது. ஒரே படியை இழத்தல் என்றால் என்ன என்பதை அவர்கள் நூலில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

இசைவும் உரிமையும்

படிகள் பலவாக வேண்டும் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் உடன் சொல்ல வேண்டும். கல்வெட்டு எவருக்கும் ஊறு செய்யாது. மனித முகம் அப்படியன்று. பரவிய படத்தைத் திரும்பப் பெறுதல் அரிது. மேடையில் கவிதை வாசித்த பெண்ணின் படம் அவர் அறியாமலே பத்து இடங்களுக்குச் சென்று, எவரோ எழுதிய இழிசொல்லோடு அவரிடமே திரும்பி வரக்கூடிய காலம் இது. ஆதலால் படத்தில் உள்ளவரிடம் இசைவு கேட்டல், படியெடுத்தலுக்கு முற்பட்ட கடமையாகும். காப்பது வேறு, பரப்புவது வேறு. எல்லாவற்றையும் காக்கலாம், எல்லாவற்றையும் பரப்ப வேண்டுவதில்லை.

எடுத்தவருக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதனை எடுத்தவரே. பணம் கொடுத்துப் பிறர் எடுப்பித்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை எடுப்பித்தவருக்குச் சேரும். எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரையிலும் அவ்வுரிமை நிற்கும். இணையத்தில் கிடைத்தது என்பது உரிமை கிடைத்தது ஆகாது. எடுத்தவர் பெயரைக் கீழே எழுதுவது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டியது மட்டுமன்று. ஆசிரியர் பெயரின்றிக் கவிதை அச்சானால் நாம் எவ்வளவு வருந்துவோம் என்பதை எண்ணினால் போதும்.

நாம் செய்யத்தக்கது

அவ்வாறாயின் இணையக் கிடங்குகளை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்பார்க்கு நம் கடற்கரையே விடை சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது கடலூர் மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் முதலிய ஊர்களில் நீர் புகுந்த வீடுகளில் சுவர்ப் படங்களும் இருந்தன. மாண்டவரின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படம் இல்லாத நிலை எத்தகையது என்பதை இங்குள்ளோர் அறிவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என நீரும் காற்றும் நம்மை அடுத்தடுத்துத் தேடி வந்துள்ளன. வீடும் ஒரு கிடங்கே. அதுவும் ஒன்றாக இருப்பின் போதாது.

ஆதலின் வழி, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவதன்று. பலவற்றையும் சேரப் பற்றுவது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்கள், கவியரங்கங்கள், நூல் அறிமுகங்கள் ஆகியவற்றின் படங்களை முன்னிட்டு நான் வேண்டுவன எளியவை. மூலப்படத்தைச் சுருக்காமல் அப்படியே காத்தல் வேண்டும். செய்திப் பரிமாற்றச் செயலிகளின் வழியே வரும்போது படம் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், நிகழ்ச்சி, எடுத்தவர், இடமிருந்து வலமாக நிற்போர் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். அப்பட்டியலில் மகளிர் பெயர்கள் விடுபடாமை வேண்டும். ‘திருமதி’ என்று மட்டும் எழுதப்பட்டவரைப் பின்வருவோர் யாரென்று தேடுவர்? குறைந்தது மூன்று படிகள் வேண்டும்: ஒன்று நம் வட்டாரத்தில், ஒன்று கடல்நீர் எட்டாத வேறோர் ஊரில், ஒன்று இணையத்தில். பிற தளங்களுக்குப் படம் தரும்போது முகவரியை மட்டும் தராமல், இசைவு பெற்ற படியையே தருதல் நன்று. பொதுமக்களுக்குரிய கோயில், சிற்பம், ஊர்க்காட்சி ஆகியவற்றின் படங்களைப் பொதுவகத்துக்கு வழங்குதல் இன்னும் நன்று. ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டுவிழாவை ஒட்டி, மூன்று படிகளும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடல் வேண்டும். தில்லை அறையை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவர் இருந்திருந்தால் தேவாரம் இன்னும் எத்துணைப் பதிகங்களோடு நமக்குக் கிடைத்திருக்கும்!

இம்மலரும் அவ்வகையில் ஒரு படிதான். இதன் பக்கங்களில் அச்சாகும் முகங்களும் பெயர்களும் வட்டத்து அன்பர் ஒவ்வொருவர் வீட்டிலும் சென்று தங்கும். இருபதாம் ஆண்டு மலரைத் தொகுக்க இருப்போர் இன்றைய படங்களைத் தேடும்போது அவை பெயரோடும் நாளோடும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அதற்கான வேலையை இவ்வாண்டே தொடங்குவோம்.